மூன்று பச்சைச் சுவரும் ஒரு வெள்ளைச் சுவரும்

எங்கள் வீட்டில் அந்த அறைக்குப் பெயர் கிடையாது. கூடம், அடுக்களை, பூஜை அறை, சாமான் அறை, மாட்டுக் கொட்டகை என்று மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. இதை மட்டும் "அங்க" என்பார்கள். "அவ அங்க இருக்கா" என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக்கூடப் புரிந்துவிடும். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி உட்காருகிற அறை அது. கொல்லையில், கிணற்றை ஒட்டி, ஒரு ஆள் படுத்தால் இன்னொரு ஆள் காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவு இடம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலைக்கு மருமகளாக வந்தேன். அந்த அறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் என் எழுத்து கோணலாக விழுகிறது. வயது ஒரு காரணம். கோபம்தான் பெரிய காரணம்.

மாமனாருக்குக் கோயிலுக்குப் போகிற தெருவில் பூஜைச் சாமான் கடை. கற்பூரம், விபூதி, ஊதுவத்தி, அகல், திரி. கார்த்திகை தீபம் வந்தால் ஊரில் தலை சாய்க்க இடம் கிடைக்காது. வெளியூர்க் குடும்பங்களுக்கு வீட்டில் பாதியை விட்டுவிட்டு நாங்கள் மீதிப் பாதியில் ஒண்டிக்கொள்வோம். அதனால் தீபத்துக்கு முன்னால் வருஷா வருஷம் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். தாழியில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி அடங்கும். அதைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் அடிப்பார்கள். கூடம், அடுக்களை, வாசல் சுவர், மதில். மாட்டுக் கொட்டகையைக்கூட விடமாட்டார்கள். மாடு உரசிக்கொண்டு நிற்கிற சுவர் வெள்ளைவெளேர் என்று இருக்கும்.

"அங்க" மட்டும் அடிக்க மாட்டார்கள்.

முதல் வருஷமே கேட்டேன். புது மருமகள்தான், ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா, கொல்லை ரூமுக்கு அடிக்கலியா?"

"அங்க போன மட்டையும் பானையும் திரும்ப வீட்டுக்குள்ள வரலாமா?" என்றார் மாமனார்.

"கடைசியா அதை அடிச்சிட்டு மட்டையைத் தூக்கிப் போட்டுடலாமே மாமா."

"சுண்ணாம்புதான் வீணாப் போவும். அங்க யாரு பாக்கப் போறாங்க?"

யார் பார்க்கப் போகிறார்கள். மாதம் மூன்று நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் என் மாமியார் பார்த்திருக்கிறார். அவருக்கு முன்னால் அவருடைய மாமியார். நாங்கள் யாரும் அந்த "யாரு"வில் வரவில்லை. அதற்கான பதில் பல வருஷம் என் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

சுவர் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். விளக்குக் கரி மேலே. கீழே மழைக்காலத்துப் பாசி. நடுவில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், வரிசையாக வட்ட வட்டமாகக் கறுப்பு. முதலில் எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தபோது என் தலை சரியாக ஒரு வட்டத்தில் போய்ப் பொருந்தியது. தலை எண்ணெய். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லாரும் சாய்ந்து சாய்ந்து வைத்துவிட்டுப் போன அடையாளம். அதற்குப் பிறகு முதுகு கழன்று விழுந்தாலும் நான் அந்தச் சுவரில் சாய்வதில்லை.

விரிசல்களில் தேள் இருந்தது. ஒரு ஐப்பசி மாதம் என் குதிகாலில் கொட்டியது. நான் போட்ட சத்தத்தில் வீடே கொல்லைக்கு வந்துவிட்டது. வந்து, கிணற்றடியோடு நின்றுவிட்டது. என்னைத் தொட்டால் குளிக்க வேண்டும், கடை நேரம். மாமியார் வெங்காயத்தை நசுக்கி ஒரு இலையில் வைத்து, அந்த இலையை விளக்குமாற்றுக் கட்டையால் என் பக்கம் தள்ளினார். என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு நின்று, "நல்லா தேய், நல்லா தேய்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வலியை நான் மறந்துவிட்டேன். அந்தத் துண்டை மறக்கவில்லை.

ஆனால் இது என்னைப் பற்றிய கதையாக மட்டும் இருந்திருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். எனக்கு ஒரு மகள். ஒரே மகள். அவள் ஏழாம் வகுப்பு முடித்து எட்டுக்குப் போனபோது அவளோடு படிக்கிற பெண்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். இவளும் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் தலைவாரி விடச் சொல்லி முன்னால் வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும். இந்தத் தலை அங்கே போய்ச் சாயக்கூடாது. எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது. தினமும் மலையைப் பார்த்து அதைத்தான் கேட்டேன், கேட்கிற மாதிரிகூட இல்லை, சண்டை போடுகிற மாதிரி.

அந்த வருஷம், அறுபதுகளின் நடுவில், என் கொழுந்தன் தீபத்துக்கு முன்னால் வெள்ளையடிக்கிற சமயத்தில் லீவு போட்டுவிட்டு வந்தார். அவருக்கு மெட்ராஸில் பெயிண்ட் விற்கிற கடையில் வேலை. வரும்போது பஸ் கூரையில் டிஸ்டம்பர் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு வந்தார். இளம் பச்சை. கூடவே ஒரு கூடையில் சுரண்டி, உப்புத்தாள், சின்ன பிரஷ், சாக்குக்கட்டித் தூள், ஒரு தகரத் தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே துணியில் சுற்றி ஒரு ரோலர். ஆட்டு ரோமம் போர்த்திய உருளை, பின்னால் கைப்பிடி. எங்கள் தெருவில் யாரும் அதைப் பார்த்ததில்லை. "அப்பளக் குழவிக்குக் கம்பளி போத்தி இருக்குது" என்றார் மாமியார்.

சுண்ணாம்பின் மேல் டிஸ்டம்பர் நிற்காது, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று கொழுந்தன் சொன்னார். ஆள் வைத்துக் கூடத்துச் சுவரைச் சுரண்டினார்கள். வருஷ வருஷமாக அடித்தது அடை அடையாக உதிர்ந்தது. ஒரு சுவரைச் சுரண்டி முடிப்பதும் அதற்குக் கொழுந்தன் பச்சை அடிப்பதுமாக மூன்று சுவர் ஆயிற்று. கூடத்துக்கு வெளிச்சமே மாறிவிட்டது. மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்குப் போட்டுப்போகிற காப்பிக் கலர்க் கோட்டோடு வந்து அந்தச் சுவரில் சாய்ந்து, முதுகைத் திருப்பிக் காட்டி, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று மாமியாரைக் கேட்டார். ஒன்றும் ஒட்டவில்லை. சுண்ணாம்புச் சுவர் என்றால் சும்மா விடுமா, சாய்ந்தவன் முதுகை வெளுத்துவிடும். "சாயாதே, சாயாதே" என்று வருகிறவர்களிடம் எல்லாம் கத்திக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்கு மூன்று தடவை சாய்ந்து பார்த்தார்.

மூன்றாவது சுவர் முடிந்த மத்தியானம் கொழுந்தன் கூடையும் டப்பாவுமாகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் ரோலரைக் கழுவினார். கழுவிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை சொல்லிக்கொண்டு வராது. டிஸ்டம்பரில் தண்ணீர் இறங்கினால் வீண். பக்கத்தில் ஒரு கதவு இருந்தது, திறந்தார், எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தார். பல வருஷம் மெட்ராஸில் இருந்த மனிதர். அது எந்தக் கதவு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எங்க வெச்சே?" என்று மாமியார் கேட்டார்.

"கெணத்தாண்ட ரூம்ல."

மாமனார் சொன்னார்: "போச்சு. எல்லாம் அங்க போயிடுச்சு."

"கழுவினா ஆச்சுப்பா," என்றார் கொழுந்தன்.

"ரோமம்டா அது. உள்ள உறிஞ்சிக்கும். கழுவினா போவாது. சாமி இருக்கிற கூடத்துல இனிமே அது படக்கூடாது."

அந்த அறையில் அப்போது யாரும் இல்லை. கழுவி விட்டுக் காலியாகக் கிடந்தது. ஆனாலும் தோஷம் சுவரில் இருந்ததாம். நாலாவது சுவருக்குப் பழையபடி சுண்ணாம்பு அடித்தார்கள், சுரண்டக்கூட இல்லை, பழசின் மேலேயே இன்னொரு பூச்சு. கொழுந்தன் லீவு முடிந்து மெட்ராஸ் போய்விட்டார். மூன்று சுவர் பச்சை, ஒரு சுவர் வெள்ளை. வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தால், "மெட்ராஸ்ல இப்ப இதான் பேஷன்" என்று மாமனார் சொல்லிச் சமாளித்தார். ரோலரும் டப்பாவும் கூடையும் அங்கேயே கிடந்தன. தீபம் முடிந்து தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குள் என் நாள் வந்தது.

பாயும் தட்டும் சொம்பும் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். மூலையில் கூடை. மேலே ரோலர், காய்ந்து விறைத்துப்போய். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் போல ஒதுக்கி வைக்கப்பட்டது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சாமான் எல்லாம் இருக்கிறது, மூன்று நாள் இருக்கிறது, என்னிடம் யாரும் ஒரு வேலையும் சொல்ல முடியாது.

சுரண்டியை எடுத்தேன். பாசியும் கரியும் பாளம் பாளமாக விழுந்தன. எண்ணெய் வட்டங்கள் சுரண்டினால் போகவில்லை. எண்ணெய் இருந்தால் டிஸ்டம்பர் ஒட்டாது என்று கொழுந்தன் கூடத்தில் சொன்னது காதில் விழுந்திருந்தது. நாலாம் நாள் தலை முழுகுவதற்கென்று அந்த அறையில் எப்போதும் ஒரு டப்பா சீயக்காய் இருக்கும். அதைக் குழைத்து அந்த வட்டங்களில் தேய்த்தேன். தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தேன். எத்தனை பேர் தலை அது. ஒவ்வொன்றாக நுரைத்துக்கொண்டு இறங்கியது. அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை, திட்டிக்கொண்டே தேய்த்தேன். யாரை என்று கேட்டால் எல்லாரையும்தான்.

சாக்குக்கட்டித் தூளை டிஸ்டம்பரில் பிசைந்து விரிசல்களில் அப்பிப் பட்டி பார்த்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டேன். தேள் குடும்பம் ஒன்று வீடு இழந்தது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

மறுநாள் ரோலரை நனைத்து உதறி, தட்டில் டிஸ்டம்பர் ஊற்றி, தோய்த்துச் சுவரில் வைத்து இழுத்தேன். முதல் இழுப்பே கோணல். மூக்குச் சளி மாதிரி வழிந்தது, ரோலரின் இரண்டு ஓரத்திலும் தடித்த கோடு விழுந்தது. என் கோபம் முழுக்கக் கையில் இருந்தது. அழுத்த அழுத்த ரோலர் கோடு போட்டது. கூடத்தில் கொழுந்தன் போட்ட சுவரிலும் இதே கோடுகளைப் பார்த்திருக்கிறேன், அவரும் அழுத்தித்தான் போட்டார். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். தோய்த்ததும் தட்டின் மேட்டில் இரண்டு மூன்று தடவை உருட்டி, அதிகமாக இருப்பதை வடிய விட வேண்டும். சுவரில் வைத்து முதலில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்ப வேண்டும். பரப்பியது காய்வதற்குள் பக்கத்துப் பரப்பை அதோடு சேர்த்துவிட வேண்டும், விட்டுவிட்டு வந்து சேர்த்தால் ஒட்டுப் போட்டது தெரியும். கடைசியில் மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக, ரோலரின் கனத்தை மட்டும் விட்டு மெதுவாக இறக்க வேண்டும். அப்பளம் இடும்போது ஓரம் வருகையில் கையைத் தளர்த்துவோமே, அந்தத் தளர்வுதான். மூலைகளுக்கும் கூரை ஓரத்துக்கும் ரோலர் போகாது, அங்கே முன்கூட்டியே சின்ன பிரஷ்ஷால் ஓரம் கட்டிவிட வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, பாதிச் சுவர் கெட்ட பிறகு மீதிப் பாதிக்குக் கை தெரிந்துகொண்டது. கோபத்தை விட்டுவிட்டு அடித்தேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் அப்படியே இருந்தது. கையை மட்டும் அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டேன்.

மாமனாருக்கு வாசனை போயிருக்கிறது. கிணற்றடியில் வந்து நின்றார்.

"இன்னாம்மா பண்ற அங்க?"

"சுவருக்கு அடிக்கிறேன் மாமா."

"யாரைக் கேட்டு அடிக்கிற? கீழ வை அதை."

நான் வாசல்படியில் வந்து நின்று ரோலரை நீட்டினேன். பச்சை சொட்டிக்கொண்டிருந்தது. "நீங்களே வந்து வாங்கிக்கோங்க மாமா."

அவர் இரண்டடி பின்னால் போனார். அந்த இரண்டடியைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் விளங்கியது. இத்தனை வருஷமும் என்னைத் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அப்படியென்றால் என்னை யாரும் தடுக்கவும் முடியாது. கையைப் பிடித்து இழுக்க முடியாது, ரோலரைப் பிடுங்க முடியாது, உள்ளே வந்து டப்பாவைத் தூக்க முடியாது. அவர்கள் போட்ட வேலி எனக்குத்தான் காவல் இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரரை அனுப்பினார். அதே தோளில் அதே துண்டு. "அப்பா ரொம்பக் கோவமா இருக்காரு. விட்டுடேன்."

"நான் அவரைவிட ஜாஸ்தி கோவமா இருக்கேன்னு போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொல்லியிருக்க மாட்டார். எதையும் எங்கேயும் போய்ச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

மூன்றாம் நாள் இரண்டாவது பூச்சும் முடிந்தது. நாலாம் நாள் குளித்துவிட்டு வெளியே வந்தேன். மாமியார் கொல்லைக்குப் போகிற சாக்கில் அந்த வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன ஜன்னல்தான், அதில் வருகிற வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டு அறையே பெரியதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கோடு கிடையாது, ஒரு வழிசல் கிடையாது. கூடத்தைவிட நன்றாக இருந்தது. சொல்லப்போனால் வீட்டிலேயே நாலு சுவரும் ஒரே நிறமாக இருந்த பச்சை அறை அது ஒன்றுதான். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

அப்புறம் மாமனாரும் பார்த்தார். அதுதான் வினையாகிவிட்டது.

"ரூமு சுத்தமா இருக்குது," என்று சாப்பிடும்போது சொன்னார். "தீபத்துக்கு வர்ற விழுப்புரத்துக் குடும்பத்துக்கு அதை விட்டுடலாம். இவங்க மாட்டுக் கொட்டாய் பக்கம் சாய்ப்புல இருந்துக்கட்டும்."

நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "மாமா, அந்த ரூமுல வெச்சதுக்கே ரோலரைக் கழுவினா போவாதுன்னீங்க. இப்ப ரூமைக் கழுவினா போவுமா?"

"ரோலரு வேற, சுவரு வேற."

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்றுவரை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு அர்த்தமும் இல்லை. ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், கொஞ்சம் கோமியம், ஒரு கட்டி கற்பூரம். அடுப்பில் பால் பொங்குவதற்குள் தலைமுறை தலைமுறையாக இருந்த தோஷம் கழிந்துவிட்டது. சுவாமி படம் போட்ட காலண்டர் ஒன்றைக் கொண்டுபோய், நான் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டு இழைத்த சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அந்தச் சுத்தியல் சத்தம் என் பல்லில் கேட்டது.

தீபம் முடிந்து விழுப்புரத்துக்காரர்கள் போனார்கள். அறை திரும்பி வரும் என்று நான் நினைத்தேன், முட்டாள். ஈரம் இல்லாத அறையாயிற்று என்று கடைச் சரக்கைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். கற்பூரப் பெட்டி, விபூதி மூட்டை. "நல்ல ரூமு இவங்களுக்கு எதுக்கு?" என்று என் காது கேட்கவே சொன்னார். மார்கழி, தை, மாசி, பங்குனி, நான் மாட்டுக் கொட்டகைச் சாய்ப்பில் உட்கார்ந்தேன். மூன்று பக்கம் திறந்த சாய்ப்பு. மாடு என்னைப் பார்க்கும், நான் மாட்டைப் பார்ப்பேன். பக்கத்தில் மாட்டுக்கு மட்டும் வெள்ளையடித்த சுவர்.

பங்குனிக் கடைசியில் மகளுக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு நின்றாள். முகத்தைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது.

மாமியார் சாய்ப்பின் பக்கம் கையைக் காட்டினார். மாமனார் பின்னாலேயே வந்து, "அங்க ஒரு ஓலையைக் கட்டி உக்கார வைங்க" என்றார். சந்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெரியவளான பெண் சந்தில் நடமாடக்கூடாதாம்.

நான் போய் மகள் கையைப் பிடித்தேன். மாமியார், "தொடாதே, தொடாதே" என்றார். தொட்டாகிவிட்டது. நானும் சேர்ந்தாயிற்று. அவளைக் கூட்டிக்கொண்டு நேராக என் அறைக்குப் போனேன். கற்பூரப் பெட்டிகளைத் தள்ளி, விபூதி மூட்டையின் மேல் உட்கார்ந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். காலண்டரைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தேன்.

மாமனார் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். சித்திரைப் பௌர்ணமிக்கு வாங்கி வைத்த சரக்கு அத்தனையும் எங்கள் காலடியில். நான் காத்துக்கொண்டிருந்தேன். ரோலரைக் கழுவினால் தோஷம் போகாது என்றால் கற்பூரத்திலிருந்தும் போகாது, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வெகுநேரம் கழித்து ஆளைக் கூப்பிட்டார். "பெட்டியெல்லாம் கடைக்குக் கொண்டுபோ. தண்ணி தெளிச்சிக்கலாம். சரக்கு வேற."

சரக்கு வேறு. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிகள் போயின. அறை எங்களுடையதாயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சுவரெல்லாம் பச்சை, ஒரு ஆணி ஓட்டை மட்டும். மகள் சுற்றிப் பார்த்தாள். மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். தலை சுவரில் பட்டது, சுத்தமான சுவர், நான் அடித்த சுவர்.

"ரூமு நல்லா இருக்குதும்மா," என்றாள். "நான் எப்ப வெளிய வரலாம்? நாளைக்குப் பரீட்சை இருக்குது."

வெளியே மாமனாருக்குக் கேட்டிருக்கிறது. "அதான் வயசுக்கு வந்துட்டாளே. இனிமே பரீட்சை எதுக்கு?"

எனக்கு அப்போது யார் மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் மேல் வந்தது. அந்தச் சுவர் மேலும் வந்தது. நான் அதைச் சுரண்டி, கழுவி, இழைத்து, ஒரு கோடு விழாமல் உருட்டி வைத்திருக்கிறேன். எதற்கு? இவள் உள்ளே வசதியாக உட்காருவதற்கு. மலையைப் பார்த்து நான் கேட்டது இதுவா? இந்தத் தலை அங்கே சாயக்கூடாது என்றல்லவா கேட்டேன்.

மறுநாள் காலையில் மாமியார் இரண்டு தட்டில் இட்லி கொண்டுவந்து வாசலில் வைத்தார். அப்புறம் உள்ளே போய், திரும்பி வந்தார். கையில் விளக்குமாறு. கிணற்றடியில் கிடந்த மகளின் பள்ளிக்கூடப் பையை அந்தக் கட்டையால் தள்ளித் தள்ளி எங்கள் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் மகளுக்குத் தலைவாரிப் பின்னி விட்டேன். பையை அவள் தோளில் மாட்டினேன். சந்துக் கதவு பூட்டியிருந்தது, வேறு வழி கூடம்தான்.

கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழைந்தேன். என் வீட்டுக்காரர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார், டம்ளரோடு எழுந்து பூஜை அறைப் பக்கம் ஒதுங்கினார். மாமனார் கோட்டு மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்ப நடுக்கூடத்தில் நின்றிருந்தார்.

"எங்க போற?"

"பரீட்சைக்கு."

"நில்லு."

நான் நிற்கவில்லை. "நிறுத்தணும்னா புடிச்சு நிறுத்துங்க மாமா."

அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. நாங்கள் நடந்து வந்துகொண்டே இருந்தோம். என் புடவை அவர் மேல் பட்டுவிடப் போகிறது. அவர் பின்னால் நகர்ந்தார், இன்னும் நகர்ந்தார், முதுகு சுவரில் முட்டுகிறவரை நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நாங்கள் அவரைத் தாண்டி வாசலுக்குப் போய் தெருவில் இறங்கினோம்.

அவர் ஒட்டிக்கொண்டு நின்றது நாலாவது சுவர். எங்களுக்குப் பின்னால் அவரும் வாசலுக்கு வந்து, எதிர்ப்பக்கமாகக் கடைக்கு நடந்தார். காப்பிக் கலர்க் கோட்டில் தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளையாக ஒட்டியிருந்தது. மகள் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையை அழுத்தினாள். பொழுது சாய்கிறவரை அதோடுதான் கடையில் உட்கார்ந்திருந்தார் என்று அப்புறம் தெரிந்தது. அவர் கிளம்பும்போது மாமியார் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.